திருகோணமலையில் கோச்சித் திருநாள்

வெள்ளி இரவு

திருகோணமலை ஸ்டேசனில் நாளைக்கு முழுநாளும் ரயிலுக்கென்றே ஒரு விழா. செய்தி சொன்னவர் பெரியப்பா. ரயில்வேயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இப்போது உப்புவெளியில் இருக்கிறார். "மந்திரி வாறார் எண்டு எடுக்கிற விழா இல்லையடா. கோச்சிக்கு எடுக்கிற விழா. பேரனையும் கூட்டிக்கொண்டு வா" என்று போனில் சொன்னார். பேரன் என்றது என் தங்கையின் மகனை. புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடித்த கையோடு ரயில் படங்களை வெட்டி வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டிருப்பவன். அவனை விட்டுவிட்டுப் போனால் தங்கை வீட்டுப் பக்கமே நான் தலை காட்ட முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து திருகோணமலைக்கு பஸ் இருக்கிறது, நேரமும் மிச்சம். ஆனால் ரயில் விழாவுக்கு பஸ்ஸில் போய் இறங்குவது சரியில்லை என்று மருமகன் ஒரே பிடியாக நின்றான். எனக்கும் அதே எண்ணம்தான். இரண்டாம் வகுப்பில் பதிவு செய்ய இடம் கிடைக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் இரண்டு டிக்கட் எடுத்தோம்.

கோட்டை ஸ்டேசனில் இரவுநேர மெயில் வண்டிகள் புறப்படுகிற வேளையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கலகலப்புத் தெரியும். அறிவிப்பு மூன்று மொழிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. லீவில் வீட்டுக்குப் போகும் ஆமிக்காரப் பெடியன்கள், கட்டுநாயக்கப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிள்ளைகள், கிளினிக்குக்காகக் கொழும்புக்கு வந்து திரும்பும் வயசாளிகள். எங்கள் பெட்டியில் முள்ளிப்பொத்தானைக்குப் போகும் ஒரு முஸ்லிம் குடும்பம், தையல் மிசின் ஒன்றைச் சாக்கால் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை ஏற்ற நாலு பேர் கைகொடுத்தோம். வண்டி அசையத் தொடங்கும் முன்பே "வடே, வடே, இஸ்ஸோ வடே" என்று கூடையோடு ஒருவர் ஏறிவிட்டார். வடையின் மேல் ஒட்டியிருந்த இறாலை மருமகன் முதலில் பிய்த்துத் தின்றான். வடையை என்னிடம் நீட்டினான்.

ரயிலுக்கு ஒரு நாள் ஒதுக்கிக் கொண்டாடுவது உலகத்துக்குப் புதிது இல்லை. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு தேசிய ரயில் நாள் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1869 மே 10ஆம் திகதி, யூட்டாவில் புரொமொன்ரறி என்ற இடத்தில் கிழக்கிலிருந்து வந்த பாதையும் மேற்கிலிருந்து வந்த பாதையும் தங்க ஆணி அடித்து இணைக்கப்பட்டன. அந்தத் திகதிக்குக் கிட்டிய சனிக்கிழமையில்தான் விழா. பயணிகள் ரயிலை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனம் பெரிய ஸ்டேசன்களில் பெட்டிகளைத் திறந்துவிட்டு, சனத்தை ஏற்றி இறக்கிக் காட்டியது. 2015ஓடு அது நின்றுபோனது. ஊருக்கு ஊர் காரும் விமானமும் இருக்கிற நாட்டில் "பயணிகள் ரயில் எங்களுக்கு இன்னும் வேண்டும்" என்று சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு நாள் தேவைப்பட்டது. எங்களுக்கும் அது தேவை என்றுதான் நினைக்கிறேன். சரக்கு எப்படியும் ஒரு வழியில் போய்ச் சேர்ந்துவிடும். குறைந்த வருமானத்தில் இருக்கிற ஒரு குடும்பம் ஐந்து பேராகக் கொழும்புக்குப் போய்வர இதைவிட்டால் வேறு என்ன வழி இருக்கிறது?

அம்பேபுஸ்ஸ ஸ்டேசனைக் கடந்தபோது தூங்கி விழுந்துகொண்டிருந்த மருமகனைத் தட்டி எழுப்பினேன். இந்தத் தீவின் முதல் ரயில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி கொழும்பிலிருந்து 54 கிலோமீற்றர் ஓடி வந்து நின்ற இடம் இது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வெள்ளைக்காரன் இந்தப் பாதையைப் போட்டான். கோப்பிக்குப் போட்ட பாதையில் சனம் ஏறிக்கொண்டது. கோப்பி நோய் வந்து அழிந்தது, தேயிலை வந்தது, சனம் மட்டும் இன்றுவரை இறங்கவே இல்லை. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவன் மறுபடியும் தூங்கிவிட்டான்.

பொல்காவலையில் கண்டிப் பாதை ஒரு பக்கமாகப் பிரிந்து போகிறது. மாகோவில் யாழ்ப்பாணப் பாதை பிரிகிறது. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் இருட்டுத்தான். கலாவெவ, கெக்கிராவ, ஹபரணை என்று பலகைகள் வந்து வந்து போயின. ஹபரணையைத் தாண்டியதும் வேகம் நன்றாகக் குறைந்தது. யானை நடமாடும் காடு. 2025 பெப்ரவரியில் இந்தப் பக்கத்தில்தான் பயணிகள் ரயில் ஒன்று மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தப் படங்களைப் பார்த்தபின் எனக்குப் பல நாள் மனம் ஒரு நிலையில் இல்லை. மெதுவாகப் போகட்டும், விடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. இந்தக் காட்டில் வேகம் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

கல்ஓயாச் சந்தியில் பெட்டிக்குள் பாதிப் பேர் விழித்துக்கொண்டார்கள். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இங்கேதான் வழி பிரிகிறது. எங்கள் பாதை 1927இல் திறக்கப்பட்டது, மட்டக்களப்புப் பாதை அடுத்த வருடம். போனில் சார்ஜ் இறங்குகிறது. மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன்.

சனி

கந்தளாயில் விடிந்தது. தையல் மிசின் குடும்பம் அடுத்து முள்ளிப்பொத்தானையில் இறங்கத் தயாராகிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் இருந்த அந்த வீட்டு உம்மா கந்தளாய்க் குளம் 1986இல் உடைத்துப் பாய்ந்த கதையை மருமகனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஏப்ரல் மாசம் மகன், சித்திரை வருசம் முடிஞ்சு ஒரு கிழமை. விடியச் சாமத்தில வெள்ளம் வந்திட்டு" என்றார். இறங்கும்போது அவன் தலையைத் தடவிவிட்டுப் போனார். அதற்கப்பால் தம்பலகாமத்து வயல். கச்சான் காற்று அடிக்கிற காலம் என்றாலும் குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல்கள் பச்சையாகவே இருந்தன. கோணநாதர் கோயில் இடிபட்ட பிறகு ஆதி கோணநாயகர் என்று சாமி வந்து அமர்ந்த ஊர் தம்பலகாமம். ஸ்டேசனில் வண்டி நின்றபோது ஒரு கிழவர் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சீனக்குடாவில் பிறிமா மா ஆலையின் உயரமான கட்டடங்கள். அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன, மொத்தம் 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டபோது ஒரு விமானம் தாங்கி ஒன்றின் மேலேயே வந்து விழுந்தது. கொட்டியாரக்குடாவை ஒட்டி வளர்ந்த இந்த ஊருக்கு உலக யுத்தம் வந்தது, உள்நாட்டு யுத்தம் வந்தது, சுனாமியும் வந்தது. பாதை அறுந்து அறுந்துதான் ஓடியது. இன்றைக்கும் வண்டி வந்து நிற்கிறதே என்பதே எனக்குப் பெரிய விசயம்.

திருகோணமலை கடைசி ஸ்டேசன், இதற்கப்பால் தண்டவாளம் இல்லை. இறங்கியதும் கடற்காற்று முகத்தில் அடித்தது. வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு, மாவிலைத் தோரணம், மேடை முழுக்கச் செவ்வரத்தை மாலை. ஒரு பக்கம் பௌத்த கொடியின் நிறங்களில் காகிதப் பூக்கள், இன்னொரு பக்கம் பள்ளிவாசல் பிள்ளைகள் கட்டிய பச்சைத் தோரணம். பெரியப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டும் பழைய விசிலுமாக நின்றார். மருமகனைக் கண்டதும் விசிலைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டுவிட்டார். அப்புறம் அன்றைக்கு முழுவதும் அது அவன் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

விழாவை எடுத்தவர்கள் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் கொஞ்சப் பேரும், ஊர்ப் பாடசாலைகளின் ஆசிரியர்களும் உயர்தரப் பிள்ளைகளும். எங்களை இழுத்து வந்த இஞ்சினுக்குத்தான் முதல் மரியாதை. ஐயர் தீபம் காட்டினார், பிக்கு பிரித் ஓதினார், மௌலவியும் பாதிரியாரும் பிரார்த்தனை செய்தார்கள். இஞ்சினுக்கு முன்னால் தேங்காய் சிதறியது. பிள்ளைகள் சில்லுப் பொறுக்க ஓடியபோது டிரைவர் இறங்கி வந்து, எல்லாரும் தள்ளி நின்ற பிறகுதான் ஹோர்ன் அடித்தார். மருமகன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பை அவன் அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

மேடைப் பேச்சுகள் கொஞ்சம் நீண்டன, அதை விடுங்கள். ஆனால் பொன்னாடை போர்த்திய வரிசை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்டேசன் மாஸ்டருக்கும் டிரைவருக்கும் முன்னால், தண்டவாளத்தை நடந்தே பார்க்கும் தொழிலாளி ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். வெயிலிலும் மழையிலும் சுத்தியலும் ஸ்பேனருமாகப் பல கிலோமீற்றர் நடந்து, கழன்ற ஆணியை அடித்து, தளர்ந்த நட்டை இறுக்கி, எங்காவது பாதையில் வெடிப்புக் கண்டால் சிவப்புக் கொடியோடு வண்டிக்கு எதிரே ஓடுகிறவர். அவருக்கு மைக்கில் பேச வரவில்லை. "நான் நடந்தா நீங்க இருந்து போகலாம்" என்று ஒரே வரி சொல்லிவிட்டு இறங்கினார். அதற்கு விழுந்த கைதட்டு வேறு யாருக்கும் விழவில்லை.

பத்து மணிபோல, ரயில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்த மேசைகளைத் திறந்தார்கள். நான் அதிக நேரம் நின்றது, ஒற்றைப் பாதையில் வண்டிகள் மோதாமல் காக்கும் டேப்லட் என்ற கருவி இருந்த மேசையில். சிவப்புச் சாயம் பூசிய ஆளுயரப் பெட்டி இரண்டு, நடுவே வயர், இரண்டுக்கும் மணி. ஒன்றை "கந்தளாய்" என்றும் மற்றதை "தம்பலகாமம்" என்றும் வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர் ஐயா ஒருவர் பிள்ளைகளுக்கு விளக்கினார். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் என்ன ஆகும்? அது நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. வண்டியை அனுப்பப்போகும் ஸ்டேசன் மாஸ்டர் மணி அடித்து அடுத்த ஸ்டேசனிடம் கேட்பார். அங்கே இருப்பவர் பாதை காலி என்று மணியிலேயே பதில் சொல்லி, தன் பெட்டியில் கையை அழுத்திப் பிடிப்பார். அப்போதுதான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு வட்டத் தகடு வெளியே வரும். தகட்டில் இரண்டு ஸ்டேசன்களின் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். அதைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுத்தால் மட்டுமே வண்டி நகரலாம். ஒரு தகடு வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், தலைகீழாக நின்றாலும் அடுத்த தகடு வராது.

ஐயா ஒரு பெண்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டாவது தகட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் இழுத்தாள். அசையவில்லை. அவளுடைய அண்ணன் வந்து இழுத்தான். அதுவும் அசையவில்லை. "பாத்தியளா பிள்ளையள், மனிசன் மறந்தாலும் மிசின் மறக்காது. அந்தக் காலத்தில கரண்ட் போனாலும் பற்றறியில ஓடும்" என்றார் ஐயா. பித்தளைத் தகட்டின் ஓரம் கைபட்டுக் கைபட்டுத் தேய்ந்து வழுவழுத்துக் கிடந்தது. பெயர் எழுத்துகளில் பாதி மறைந்துவிட்டது. எத்தனை இரவு எத்தனை டிரைவர்களின் கையில் இருந்திருக்கும்! நான் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

இங்கிலாந்தில் 1874இல் நோர்விச் நகருக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. ஒரு தந்திச் செய்தி தவறாகப் போனதால் வந்த வினை. அதற்குப் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் வகுத்த முறைதான் இந்த டேப்லட். இந்தத் தீவின் ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் எங்கள் அப்பாமாரும் அம்மாமாரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு பயணம் செய்தது அந்த வட்டத் தகட்டை நம்பித்தான்.

அடுத்த மேசையில் அட்டை டிக்கட். விரல் நீளத்துக்குத் தடித்த மட்டை, அதைத் திகதி குத்தும் இரும்பு மிசினில் விட்டால் டக் என்று திகதி பதிந்து வரும். ஒவ்வொரு மட்டையிலும் வரிசை இலக்கம் இருப்பதால் மாலையில் கணக்குப் பார்க்கும்போது ஒரு சதம் பிசகினாலும் தெரிந்துவிடும். 1830களின் கடைசியில் தோமஸ் எட்மன்சன் என்ற ஆங்கிலேய ஸ்டேசன் மாஸ்டர் தொடங்கிய வழக்கம் இது. உலகம் முழுக்கப் பரவி, பல நாடுகளில் எப்போதோ நின்றுவிட்டது. எங்கள் நாட்டுக் கவுண்டர்களில் அண்மைக்காலம் வரை உயிரோடு இருந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு மட்டை குத்தி வாங்கிக்கொண்டார்கள். பெரியவர்கள் வரிசைதான் அதைவிட நீளம்.

மதியம் வெயில் ஏறியதும் சனம் மேடை நிழலுக்கு ஒதுங்கியது. சோற்றுப் பார்சல், மோர், குளிர்ந்த நெக்டோ. பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலிருந்து வந்த புள்ளிமான் ஒன்று வேலியோரம் நின்று வாழைத்தோல் தின்றது. ஊர்ப்பிள்ளைகள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, மருமகன் மட்டும் பத்துப் படம் எடுத்தான்.

இஞ்சினடியில் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவர் பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று காட்டினார். பெட்டிகளுக்கு அடியால் ஒரு குழாய் ஓடுகிறது. அதிலுள்ள காற்றை இஞ்சின் உறிஞ்சி எடுத்தபடியே இருக்கும். வெற்றிடம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். பெட்டி ஏதாவது கழன்று குழாய் அறுந்தால் காற்று உள்ளே புகுந்து, அத்தனை பெட்டியும் தானாகவே பிரேக் பிடித்து நின்றுவிடும். "கார்ட்டும் பின்னால இருந்து பிடிக்கலாம். நான் கண்ணயர்ந்தாலும் உங்கட பெரியப்பா முழிச்சிருப்பார்" என்றார். பெரியப்பா ஒன்றும் பேசாமல் அவர் தோளில் கை போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் எத்தனையோ வருடம் ஓடியவர்கள், ஒருவர் முன்னால், மற்றவர் பின்னால்.

அவரிடம்தான் பிள்ளைகள் கனடா இஞ்சின் கதையைக் கேட்டார்கள். கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் 1954 தொடக்கம் கனடா கொடுத்த எம் 2 வகை இஞ்சின்களுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர்: ஒன்டாரியோ, அல்பேர்ட்டா, மனிடோபா என்று. கனடாவுக்குப் போன எங்கள் சனத்துக்கு அந்த மாகாணங்களில் வீடு வாசல் வருவதற்கு எவ்வளவோ முந்தியே அந்தப் பெயர்கள் இங்கே தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருந்தன. 2004 டிசம்பர் 26, பெரலியவில் சுனாமி அடித்துப் புரட்டிய ரயிலை இழுத்துப் போனது மனிடோபாதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. சேற்றில் கிடந்த அந்த இஞ்சினைத் தூக்கியெடுத்து, திருத்தி, முகப்பில் அலை வரைந்து திரும்பவும் ஓடவிட்டார்கள். டிரைவர் ஐயா இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அலை இந்த ஊரையும் விடவில்லை. கேட்டுக்கொண்டு நின்ற அம்மாமார் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பின்னேரம்தான் நான் ஆசையோடு காத்திருந்த பகுதி. சின்ன வண்டி ஒன்றில் பிள்ளைகளைச் சீனக்குடா வரை ஏற்றிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஸ்டேசனுக்கு நடந்து வரும் தூரத்தில் வீடு இருந்தும் ஒருமுறைகூட ரயிலில் ஏறாத பிள்ளைகள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர். வண்டி அசைந்ததும் ஒரு கணம் பெட்டியே அமைதியாகிவிட்டது, அப்புறம் ஒரே கூச்சல். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பையனை உயர்தரப் பெடியன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். படி அவ்வளவு உயரம். அவன் ஜன்னலோரம் வந்ததும் கையை வெளியே நீட்டாதே என்று நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அடுத்த விழாவுக்கு முன்னால் ஒரு சாய்தளமாவது செய்து வையுங்கள் என்று ஏற்பாட்டாளர் தங்கச்சியிடம் சொன்னேன். அவர் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டார். விழாவுக்கு மட்டும் இல்லை, நாள்தோறும் அது வேண்டும்.

இரவு மெயில் புறப்படும்போது எல்லாரும் மேடையில் நின்று வழியனுப்புவதுதான் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். தவில் நாதஸ்வரம் ஒரு பக்கம், பாடசாலை பான்ட் ஒரு பக்கம். வழக்கமான பயணிகள் மூட்டை முடிச்சோடு வந்து, தங்களுக்கு எதற்கு இவ்வளவு கைதட்டு என்று திகைத்துப்போனார்கள். ஒரு கிழவிக்குப் பிள்ளைகள் மாலை போட்டு ஏற்றினார்கள். "ஏன் மக்காள், நான் மகளட்டப் போறன்" என்று அவர் வெட்கப்பட்டார். பெரியப்பா மருமகனை இப்போதைய கார்டிடம் கூட்டிப்போனார். கார்ட் பச்சை விளக்கைக் காட்டிய அதே நேரத்தில் மருமகன் தன் கழுத்து விசிலை ஊதினான்.

ஞாயிறு

கோணேசர் கோயிலுக்கு விடியவே போய்விட்டு வந்தோம். அதைப் பற்றி இன்னொரு முறை எழுதுகிறேன். மலை ஏறிய களைப்பு ஆறும் முன்பே மருமகன் ஸ்டேசனுக்குப் போகவேண்டும் என்றான். காலை வண்டியில் கந்தளாய் வரை போய்வருவதாக முடிவு செய்தோம், பெரியப்பாவும் சேர்ந்துகொண்டார்.

இந்தப் பயணம் நேற்றைய விழாவைவிட எனக்கு ஒரு படி மேல். தோரணம் காய்ந்து தொங்கியது, சனமும் குறைவுதான். எங்களுக்கு எதிரே கருவாட்டுப் பொட்டலங்களோடு ஒரு அக்கா. கந்தளாய்ச் சந்தையில் விற்றுவிட்டுத் தயிர் வாங்கிக்கொண்டு திரும்புவாராம். டியூசனுக்குப் போகும் பெண்பிள்ளைகள் மூன்று பேர் மடியில் பௌதிகவியல் கொப்பி வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டில் சிங்கள வயோதிபர் ஒருவர், அக்போபுரவில் இறங்குபவர். அவரும் பெரியப்பாவும் பழைய சிநேகிதர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. பாதி தமிழும் பாதி சிங்களமுமாக, முந்தி இந்தப் பாதையில் ஓடிய வண்டிகளின் பெயர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

வண்டி ஒவ்வொரு ஸ்டேசனிலும் நின்றது. தம்பலகாமத்தில் ஒரு அம்மாவும் கைக்குழந்தையும் ஓடி வருவதைக் கண்டு கார்ட் கொடியைத் தாழ்த்தியபடியே காத்து நின்றார். அவர்கள் ஏறியபின்தான் விசில். இதற்காகத்தான் இந்த வண்டியைக் கொண்டாட வேண்டும் என்று எனக்குப் பட்டது. சுற்றுலாக்காரர் படம் எடுக்கிற மலைநாட்டு வண்டிக்கும், வேகமாய்ப் போகிற குளிரூட்டிய வண்டிக்கும் விளம்பரம் தேவையில்லை, டிக்கட் தானாக விற்கும். சின்ன ஸ்டேசன்களில் நின்று நின்று போகிற இந்த வண்டியைத்தான் வருமானம் இல்லை என்று முதலில் குறைப்பார்கள். குறைத்தால் கருவாட்டு அக்காவின் இலாபத்தில் பாதி ஆட்டோவுக்குப் போகும். பௌதிகவியல் பிள்ளைகளில் ஒருத்தியாவது டியூசனை விடுவாள். எங்களுக்கு ரயில் வேண்டும் என்றால் அடிக்கடி ஏற வேண்டும், டிக்கட் எடுத்து ஏற வேண்டும். பெரியப்பா சொன்னதும் அதுதான்: "கோச்சிக்கு மாலை போட்டா மட்டும் காணாது. ஆள் ஏறினால்தான் ஓடும்."

கந்தளாயில் இறங்கிச் சட்டித் தயிர் வாங்கினோம். கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பும் வண்டி வரும்வரை மேடையில் இருந்தபோது பெரியப்பா ஒரு விசயத்தைச் சொன்னார். நேற்று மேசையில் இருந்த சாமான்கள் எல்லாம் இன்றைக்குத் திரும்பவும் அவரவர் வீட்டு அலுமாரிக்கும் கட்டிலுக்குக் கீழும் போய்விட்டன. கடுகண்ணாவையில் 2014இலிருந்து தேசிய ரயில் நூதனசாலை இருக்கிறது, நல்லதுதான். ஆனால் கிழக்கிலிருந்து அவ்வளவு தூரம் பிள்ளைகளைக் கூட்டிப்போக எத்தனை பாடசாலைகளால் முடியும்? திருகோணமலை ஸ்டேசனிலேயே ஒரு அறை கேட்டு ஓய்வுபெற்றவர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆசிரியர்களும் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். நானும் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். மருமகன் தன் கையெழுத்தும் செல்லுமா என்று கேட்டான். செல்லும் என்று சொல்லி அவனையும் போடச் சொன்னார் பெரியப்பா.

திருகோணமலை, தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் உங்கள் வீடுகளில் பழைய மட்டை டிக்கட், கார்ட் விளக்கு, கொடி, சீருடைப் பொத்தான், ஸ்டேசனில் எடுத்த குடும்பப் படம் என்று எது இருந்தாலும் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள், பழைய இரும்புக்காரருக்கும் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்பக்கம் யார், எந்த வருடம், எந்த ஸ்டேசன் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அறை கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன். அப்போது கொண்டுவந்து கொடுக்கலாம்.